மூன்று மணி ஒழுக்கு

நேசமலரின் இடது கையில் அந்தச் சென்சரை ஒட்டிய நாளிலிருந்து ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு மறுபடியும் உத்தியோகம் கிடைத்துவிட்டது.

நீர்வழங்கல் சபையில் ஒழுக்குப் பிடிப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. தெருவில் ஓர் இரும்புக் கம்பியை ஊன்றி, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்டே, நிலத்துக்கடியில் குழாய் எங்கே வெடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஓய்வுபெற்று வெள்ளவத்தை பிளாட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது அங்கே ஒழுகுவதற்கு இருந்தது குளியலறைப் பைப் ஒன்றுதான். அதையும் முதல் மாதத்திலேயே திருத்திவிட்டார். அதற்குப் பிறகு ஓடுகிற பொருள் எதுவும் அவர் கையில் அகப்படவில்லை.

நேசமலருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ். வெள்ளவத்தைக்குக் கிட்ட இடம் கிடைக்காததால் கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் நிலையத்துக்குப் போய்வந்தார்கள். இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தப்படுத்தித் திருப்பி அனுப்பும் வேகத்துக்குச் சாதாரண நாளம் தாங்காது என்பதால், நாடியொன்றையும் நாளமொன்றையும் சேர்த்துத் தைத்து ஒரு அகலமான வழி செய்வார்கள். பிஸ்டுலா என்று அதற்குப் பெயர். விரலை வைத்தால், நின்றுகொண்டிருக்கிற ஓட்டோவின் பக்கத்தைத் தொட்டதுபோல உள்ளே குறுகுறுவென்று அதிரும். அது அதிரும் மட்டும் சுகம். அதிர்வு நின்றால் வழி அடைபட்டது என்று பொருள்.

நேசமலரின் மணிக்கட்டில் முதலில் செய்த வழி அப்படித்தான் ஒருநாள் பேச்சுமூச்சில்லாமல் நின்றுபோனது. பிறகு மாதக்கணக்கில் கழுத்தில் ஒரு குழாய். தலை முழுக முடியாது. வெளியே போனால் சீலைத் தலைப்பால் கழுத்தை மூடவேண்டும். காய்ச்சல் வந்தால் எல்லாரும் அந்தக் குழாயைத்தான் பார்ப்பார்கள். இரண்டாவது வழியை அதே கையின் முழங்கை மடிப்பில் செய்தார்கள். வலது கையில் நாளங்கள் உதவாது என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லிவிட்டார். ஆக, இருப்பது இது ஒன்றுதான். இதுவும் போனால் திரும்பவும் கழுத்து.

அந்த நேரத்தில்தான் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பரிசோதனை என்று சொல்லி, தோலில் ஒட்டும் சென்சர் ஒன்று நிலையத்துக்கு வந்தது. முத்திரை அளவு; கண்ணாடிப் பேப்பர் மாதிரி மெல்லியது. பிஸ்டுலாவுக்கு மேலே ஒட்டிவிட்டால் உள்ளே நிமிசத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் ஓடுகிறது என்று இரவும் பகலும் போனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். ஓட்டம் நன்றாக இருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து நேசமலருடையது. ஆசை ஸ்ரீஸ்கந்தராசாவுடையது.

"நான் என்ன மெயின் பைப்போ, மீற்றர் பூட்ட?" என்று அவள் கேட்டாள்.

"மெயின் பைப்புக்கு இவ்வளவு செலவழிக்க மாட்டினம்" என்றார் அவர்.

முதல் நாளே ஒரு பிழை நடந்தது. எந்த மானியையும் சோதிக்காமல் நம்பக்கூடாது என்பது அவருடைய சேவைக்கால விதி. நேசமலர் குளித்தபோது சென்சர் கழன்றது. அதைத் துடைத்துக் காயவைத்தவர், பார்ப்போமே என்று தன்னுடைய கையில் ஒட்டிக்கொண்டார். போன் சிவப்பாகிக் கூவத் தொடங்கியது. நிலையத்துத் தாதி ஐறீன் உடனே அழைத்தாள். அவளுக்குப் பின்னால் ரொறன்ரோவில் நித்திரையில் இருந்த மகள் மிதுனாவும் அழைத்தாள்.

"அங்கிள், அன்ரிய உடனே கூட்டிக்கொண்டு வாங்கோ. லைன் அடைச்சிருக்குது."

"அன்ரி தலை துவட்டுறா. அது என்ர கையில இருக்குது, மிஸ்."

ஐறீன் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள். வயதானவர்களைத் திட்டும்போதும் குரலை உயர்த்தமாட்டாள்.

"அங்கிள், சும்மா கையில அவ்வளவு ஓட்டம் வராது. உங்கட கையைப் பாத்து அது செத்துப்போச்செண்டு நினைக்குது."

நேசமலர் துவாயைத் தலையில் சுற்றியபடி வந்து எட்டிப் பார்த்தாள். "கலியாணம் கட்டின நாளில இருந்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறன், இந்த மனிசனில ஒரு ஓட்டமும் இல்லையெண்டு. இப்ப மெசினே சொல்லிப்போட்டுது."

அதற்குப் பிறகு அவர் சென்சரை அதன் இடத்திலேயே விட்டுவைத்தார். ஆனால் போனை விடவில்லை. மிதுனாவைப் போல, லண்டனில் இருக்கும் நேசமலரின் தம்பி ராகுலனும் அதே கணக்கைத் தன் போனில் இறக்கிக்கொண்டான். குடும்ப வட்சப் குழுவில் காலை வணக்கத்துக்குப் பதிலாக நேசமலரின் ஓட்டம் வந்தது. "அக்கா இண்டைக்கு எண்ணூற்றம்பது, கெட்டிக்காரி" என்று ராகுலன் எழுதுவான். கடைக்குப் போய்ப் படியேறி வந்தால் மிதுனா கேட்பாள்: "அம்மா, லிப்ட் வேலை செய்யேல்லையா?" நேசமலர் இடது பக்கம் சரிந்து படுத்ததைக்கூட மூன்று நாடுகளில் பேசினார்கள்.

"குளிக்கேக்கயாவது கதவைச் சாத்த விடுங்கோ" என்றாள் நேசமலர்.

ஐப்பசி மழை தொடங்கும் சமயத்தில் ஓட்டம் குறையத் தொடங்கியது.

காலையில் ஒழுங்காக இருக்கும். மத்தியானம் தாண்டி, மூன்று மணியளவில் கோடு சரியும். எண்ணூறு அறுநூறாகும், சில நாள் அதற்கும் கீழே போய் மஞ்சளைத் தொடும். இரவு எட்டுக்குப் பிறகு மெல்ல மெல்ல ஏறி, விடியும்போது எதுவுமே நடக்காதது போல் பச்சையில் நிற்கும். ஒருநாளில்லை, ஒவ்வொரு நாளும்.

ஐறீனிடம் சொன்னார். அவள் பிஸ்டுலாவின் மேல் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, குழாயில் ஒடுக்கம் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இப்படியே விழுந்துகொண்டிருந்தால் ஒருநாள் உறைந்து அடைபடும், டொக்டர் அடுத்த கிழமை பார்ப்பார் என்றாள். அடைபடும் என்ற சொல்லைக் கேட்டதும் நேசமலரின் வலது கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனதை ஸ்ரீஸ்கந்தராசா கண்டார்.

அன்றிலிருந்து அவர் துப்பறியத் தொடங்கினார். குழாய் வெடித்தால் இரவும் பகலும் ஒழுகும். நேரம் பார்த்துக் குறைகிறதென்றால் அது வெடிப்பில்லை, எங்கேயோ யாரோ திறந்து பாவிக்கிறார்கள் என்று பொருள். இது அவருக்குத் தெரியும். இந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரு பெரிய ஹோட்டலின் களவு இணைப்பையே முன்பு பிடித்திருக்கிறார். வீட்டில் மட்டும் அது உதவவில்லை.

முதலில் ப்ளவுஸ் மேல் சந்தேகம் விழுந்தது. கை இறுக்கமாக இருக்கிறது என்றார்.

"ஓம், இறுக்கம்தான்" என்றாள் நேசமலர். தையற்காரரிடம் கொடுத்துக் கையைத் தளர்த்தினார்கள். கோடு தளரவில்லை.

அடுத்தது மத்தியான நித்திரை. இடது கையை அமத்திக்கொண்டு படுக்கிறீர் என்றார். "இருக்கும்" என்றாள். அவர் கதிரையை இழுத்துக் கட்டிலருகே போட்டுக் காவல் இருந்தார். அவள் மல்லாந்தே படுத்தாள். கோடு சரிந்தது.

பிறகு ஹாண்ட்பாக். யாழ்ப்பாணத்துப் பெண்கள் சீலை உடுத்தால் பையை முழங்கை மடிப்பில்தான் கொழுவுவார்கள். தோளில் போட்டால் மடிப்புக் கலைந்துவிடும். "அந்தப் பைதான் நசிக்குது" என்று தீர்ப்பளித்தார். "அதுவாத்தான் இருக்கவேணும்" என்று நேசமலர் பையை வலது கைக்கு மாற்றினாள்.

அங்கேதான் அவர் விழித்திருக்கவேண்டும். இத்தனை வருடக் குடித்தனத்தில் நேசமலர் எந்தக் குற்றச்சாட்டையும் இவ்வளவு கெதியில் ஒத்துக்கொண்டதில்லை. கறிக்கு உப்புக் கூடினால்கூட உப்பின்மேல் பழி போடுகிறவள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் அவருடைய முக்கிய கண்காணிப்பு நேரம். தண்ணீர்ச் சாடியில் போனைச் சாய்த்துவைத்து, கோட்டைப் பார்த்தபடியே சாப்பிடுவார். கௌரி விரதக் காலம் என்பதால் வீட்டில் மரக்கறி. இருபத்தொரு நாள், பகலில் பட்டினி, பின்னேரம் கோயில் பூசைக்குப் பிறகு ஒருநேரச் சாப்பாடு, முடிவில் கையில் காப்பு நூல்: கலியாணம் கட்டிய வருடத்திலிருந்து நேசமலர் பிடித்துவந்த விரதம். டயலிசிஸ் தொடங்கியதும் பட்டினி கிடக்கவே கூடாது என்று டொக்டர் தடுத்துவிட்டார். இந்த வருடமும் மரக்கறி மட்டும், பட்டினி இல்லை, பின்னேரம் கோயிலுக்குப் போவேன், கடைசி நாள் போய்க் காப்புக் கட்டுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். சொன்னபடி மத்தியானம் அவருக்கு எதிரே சாப்பாட்டுக் கோப்பையைப் போட்டுச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவரும் கண்டார். கண்டார் என்றால், கோட்டின் ஓரத்தில் கண்டார்.

அந்த நாட்களில் அவருக்கு நல்ல பசியும் இருந்தது. கத்தரிக்காய்க் குழம்பு என்றால் முடிகிற மாதிரியே தெரியாது. இடுப்புப் பட்டியில் ஒரு துளை பின்வாங்கியபோது, லோன்றிக்காரன் காற்சட்டையைச் சுருக்கிவிட்டான் என்று சொன்னார்.

அடுத்த முறை நிலையத்துக்குப் போனபோது வாசலில் உள்ள தராசில் நேசமலர் ஏறி நின்றாள். ஐறீன் இலக்கத்தைப் பார்த்தாள், பிறகு பழைய இலக்கத்தைப் பார்த்தாள், பிறகு நேசமலரின் முகத்தைப் பார்த்தாள். நேசமலர் சுவரில் இருந்த மாதாப் படத்தைப் பார்த்தாள்.

அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு வந்து, ஐறீன் அவரிடம் கேட்டாள்: "அங்கிள், அன்ரி ஒழுங்காச் சாப்பிடுறாவோ? நிறை நல்லா இறங்கியிருக்குது. பிறசரும் பதிவு, குறைவாத்தான் நிக்குது. வெறும் வயித்தில பிறசர்க் குளிசை போட்டா இன்னும் விழுத்தும். பிறசர் விழுந்தா லைன்ல ஓட்டமும் விழும்."

"என்ர கண்ணுக்கு முன்னால இருந்துதான் சாப்பிடுறா. மத்தியானம் ஒரு கோப்பைச் சோறு."

"அப்ப அந்தச் சோறு எங்க போகுது?"

"உங்கட தராசு பிழை" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

எந்த மானியையும் சோதிக்கவேண்டும். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவரே ஏறி நின்றார். தன் நிறை அவருக்கு மனப்பாடம். ஓய்வுபெற்றதிலிருந்து அசையாமல் நின்ற இலக்கம். தராசு அதைவிடக் கூடுதலாகக் காட்டியது. இறங்கி, மூச்சை விட்டு, மறுபடி ஏறினார். அதே இலக்கம்.

தராசு பிழையென்றால் எல்லாருக்கும் ஒரே பக்கம்தான் பிழை விடும். ஒராளுக்குக் குறைத்தும் மற்ற ஆளுக்குக் கூட்டியும் காட்டுகிற தராசை அவர் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை. ஒரு குழாயில் குறைகிற தண்ணீர் பக்கத்துக் குழாயில் கூடுகிறது. களவு இணைப்பு.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நேசமலர் படுத்திருந்தாள். அவர் தராசில் நிற்பதைக் கண்டதும் போர்வையைத் தாடை வரை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் அடுத்த நாள் மத்தியானம் வழக்கம்போல் போனைச் சாடியில் சாய்த்துவைத்தார். ஆனால் அணைத்து வைத்தார். கறுத்த கண்ணாடியில் மேசையின் எதிர்ப்பக்கம் சின்னதாகத் தெரிந்தது. நேசமலர் சோறு குழைத்தாள். ஒரு வாய்கூட வைக்கவில்லை. பூசணிக்காய்க் கறியோடு ஒரு பெரிய கவளமாகத் திரட்டினாள். பிறகு அவளுடைய கை, அவசரப்படாமல், நன்றாகப் பழகிய கையாக, மேசையைக் கடந்து அவருடைய கோப்பைக்கு வந்தது.

"எனக்குக் காணும், நேசம்."

கை நடுவழியில் நின்றது. கவளத்திலிருந்து ஒரு பூசணித் துண்டு மேசையில் விழுந்தது.

"எப்ப இருந்து?" என்று கேட்டார்.

"தொடங்கின நாளில இருந்து" என்றாள். கவளத்தைத் தன் கோப்பையிலேயே வைத்தாள். "உங்களுக்கும் கண் தெரியேல்லையே. ஒருநாள் ரெண்டு பேற்ற சோத்தையும் திண்டுபோட்டு, இண்டைக்கு ரசம் நல்லாயிருக்கெண்டு சொன்னனீங்கள். அண்டைக்கு ரசமே வைக்கேல்லை."

அவருக்குக் கோபம் வரப் பார்த்தது, சிரிப்பு முந்திக்கொண்டது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "டொக்டர் என்ன சொன்னவர்?" என்றார்.

"டொக்டர் போன வருசமும் அதைத்தான் சொன்னவர். நானும் கேட்டு, நாளுக்கு மூண்டு நேரமும் வயிறு முட்டத் திண்டுபோட்டுப் போய்க் காப்புக் கட்டினனான். கட்டின கிழமையே மணிக்கட்டு அடைச்சுது. மறந்துபோனியளோ? கழுத்தில குழாயோட நான் பட்டது எனக்குத்தான் தெரியும். இந்தக் கை நிக்கவேணுமெண்டுதான் இந்த முறை ஒழுங்காப் பிடிக்கிறன்."

ஸ்ரீஸ்கந்தராசா போனை எடுத்தார். குழாயும் கடவுளும் வேறுவேறு பகுதிகள்; ஒன்றின் அதிகாரி மற்றதில் கையெழுத்துப் போடமுடியாது என்பது அவர் கொள்கை. ஆகையால் விரதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மாதத்தின் கோட்டை முழுவதாக விரித்து அவள் முன்னால் வைத்தார். ஒரு நாள் வரையும் நேராகப் போன கோடு, அதற்குப் பிறகு நாளுக்கொரு பள்ளம் விழுந்து போயிற்று.

"இது என்ன நாள் எண்டு நீரே சொல்லும்."

நேசமலர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தாள். விரதம் தொடங்கிய நாள். எட்டு மணிக்கு மேல் ஏறுகிற இடங்களையும் பார்த்தாள். கோயிலால் வந்து சாப்பிடுகிற நேரம். அவள் முகம் மாறியது. இவ்வளவு நாளும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்த கையை, ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்குத் தானே நெரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்ப நான் என்ன செய்ய?" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "பிடிச்சா இப்பிடி. இடையில விட்டா அது வேற குற்றம். எந்தப் பக்கத்தால போனாலும் கழுத்துத்தான் போல."

அவளை அப்படிப் பார்க்க அவரால் முடியவில்லை. முடியாதபடியால், யோசிக்காமல் ஒரு காரியம் சொன்னார்.

"மிச்ச நாளை நான் பிடிக்கிறன்."

நேசமலர் கண்ணாடியைக் கழற்றினாள். "ஆர்?"

"நான்தான்."

"பதினொரு மணிக்குத் தின்னப் பற்றிஸ் கிடைக்காட்டித் தெருவில ஆளையாள் தெரியாத மனிசன் நீங்கள்."

"கேட்டுப் பாரும், கோயிலில விடுவினமோ எண்டு."

அன்று பின்னேரம் கேட்டாள். சுகமில்லாத மனைவிக்காகக் கணவன் பிடித்து முடிக்கலாம், காப்பை அவருடைய வலது கையில் கட்டலாம், ஆனால் ஒழுங்காகப் பிடிக்கவேண்டும் என்றார் ஐயர். அந்தக் கடைசிப் பகுதியை நேசமலர் வீடு வரும் வரைக்கும் வழியெல்லாம் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் தொடக்கம் மேசையின் நிலைமை தலைகீழாயிற்று. நேசமலர் சாப்பிட்டாள், ஸ்ரீஸ்கந்தராசா எதிரே இருந்து பார்த்தார். அவள் வேண்டுமென்றே ஆறுதலாக, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். "இந்த வாழைக்காய் கொஞ்சம் கூடப் பொரிஞ்சுபோச்சு, என்ன?" என்று அபிப்பிராயம் கேட்டாள். அவர் போனையும் பார்க்கவில்லை, கோப்பையையும் பார்க்கவில்லை. கடற்பக்கம் போகிற ரயிலைப் பார்த்தார். மூன்று மணிக்குக் கோடு லேசாகத் தயங்கியது. அதற்கடுத்த நாள் தயங்கவும் இல்லை. ராகுலன் எழுதினான்: "அத்தான், ஓட்டம் திரும்பிட்டுது. என்ன வைத்தியம்?" அத்தான் பதில் எழுதவில்லை. மூன்று மணிக்கு அவருக்கு எழுத்துத் தெரியாது.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். நேசமலர் மெசினில் இருக்கும் நேரங்களில் அவர்களுடைய வழமையான ஓட்டோக்காரர் பலீலோடு தெருமுனைக் கடையில் பிளேன்ரீ குடிப்பது ஸ்ரீஸ்கந்தராசாவின் வழக்கம். விரதத்தில் தேத்தண்ணீர் தவறில்லை என்று தனக்குள் ஒரு சுற்றறிக்கை விட்டுவிட்டுத்தான் போனார்.

"என்ன சேர், மொகமெல்லாம் வாடிப்போய் இரிக்கி" என்றார் பலீல். "சீனி கொறஞ்சிட்டா?"

அவர் பதில் சொல்லுமுன், அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த, மாவுக்குள் கறி வைத்து மடித்த பற்றிஸ் தட்டு மேசைக்கு வந்தது. அவர் கண்கள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கை தன்பாட்டில் போனது. பழகிய கைதானே. பாதி உள்ளே போன பிறகுதான் விரதம் நினைவுக்கு வந்தது. மிச்சப் பாதியை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். எப்படியும் பாழ், ஏன் வீணாக்குவான் என்று அதையும் சாப்பிட்டார்.

"இன்னொண்டு?" என்றார் பலீல்.

"வேண்டாம்" என்று அவர் சொன்ன விதத்தில் பலீல் தட்டையே தள்ளிவைத்தார்.

ஒரு பற்றிஸ். அதற்கும் ஒரு பெண்ணின் முழங்கையில் ஓடும் இரத்தத்துக்கும் இடையில் எந்தக் குழாய் இணைப்பும் இல்லை. இதை அவர் திரும்பும் வழி முழுக்கத் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்று மணிக்குப் பயந்து பயந்து பார்த்தார். பச்சை. நான்கு மணிக்கும் பச்சை. பாருங்கள், ஒன்றுமில்லை.

பின்னேரப் பூசைக்கு இருவரும் போனார்கள். ஆண்கள் பக்கத்தில், சால்வையும் வேட்டியுமாக, முன்வரிசையில் நின்றார். மேளம் உச்சத்தில் இருந்தது. பழக்கத்தில் வேட்டி மடிப்பிலிருந்த போனை எடுத்து ஓரக்கண்ணால் பார்த்தார்.

எழுநூறு. அறுநூற்றைம்பது. ஐந்நூற்றுத் தொண்ணூறு. மஞ்சள்.

தீபம் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்ரீஸ்கந்தராசா போனைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். பிறசரா? அவள் மத்தியானம் முழுக் கோப்பையும் சாப்பிட்டாள், இந்த முறை தன் கண்ணாலேயே பார்த்தார். குளிசையா? சாப்பிட்ட பிறகுதான் போட்டாள். ப்ளவுஸ் தளர்ந்தது. எல்லாக் காரணத்தையும் வரிசையாகக் கழித்துக்கொண்டு வந்தால் மிஞ்சியது ஒன்றுதான். அது வயிற்றுக்குள் இருந்தது. ஐந்நூற்றெழுபது.

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் தீபம் முடியுமுன் வரிசையை விட்டு வெளியே வந்தார். பெண்கள் பக்கத்துத் தூணருகே நின்ற நேசமலரைச் சைகை காட்டி மண்டபத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். செருப்பு வைக்கும் இடம். மழைத் தூறல்.

"நேசம், ஓட்டம் விழுந்துகொண்டு போகுது. என்னாலதான்."

"என்ன உங்களால?"

"காலமை பற்றிஸ் ஒண்டு சாப்பிட்டிட்டன். தெரியாமல். பாதி தெரியாமல்."

நேசமலர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சீலைத் தலைப்பை விலக்கிக் காட்டினாள். இடது முழங்கை மடிப்பில் ஹாண்ட்பாக் தொங்கியது. அதற்குள் அர்ச்சனைத் தேங்காயும் ஒரு சீப்பு வாழைப்பழமும்.

"வலது கையால பூப் போடவேண்டியிருந்தது" என்றாள். "மாத்திக் கொழுவினனான்."

பையை அவர் கையில் கொடுத்தாள். கனம் அவரையே ஒரு பக்கம் சரித்தது. அந்த இடத்தில் தோல் பள்ளமாய்ச் சிவந்திருந்தது. அவள் அவருடைய விரல்களைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். மேளச் சத்தத்தில் காது உதவவில்லை. விரல் உதவியது. முதலில் மெல்லிசாக, பிறகு தெளிவாக, ஓட்டோவின் பக்கத்தைத் தொட்டதுபோல. எத்தனையோ குழாய்களைத் தொட்டவர், இந்தக் கையைப் பயத்தில் ஒருநாளும் தொட்டதில்லை. சரி பார்ப்பதற்காக உடனே போனையும் பார்த்தார். அறுநூற்றெண்பது; ஏறிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு நம்பிக்கையில்லையெண்டு நான் நினைச்சன்" என்றாள் நேசமலர்.

"எதில?"

"பற்றிஸில."

அவர் போனை வேட்டி மடிப்புக்குள் செருகினார். மழை கொஞ்சம் பலத்தது.

"மரக்கறியோ, மீனோ?"

"மீன்."

நேசமலர் சிரிக்கத் தொடங்கினாள். கோயில் வாசல் என்று தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "அடுத்த வருசமும் நீங்கள்தான்" என்று தண்டனை விதித்தாள். "முதல் நாளில இருந்து. பலீலிட்டயும் சொல்லிவைக்கிறன்."

மிச்ச நாட்களை அவர் ஒழுங்காகப் பிடித்தார். கொட்டாஞ்சேனைக் கடைப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கடைசி நாள் அவருடைய வலது மணிக்கட்டில் காப்புக் கட்டினார்கள். நேசமலர் பையை நெஞ்சோடு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று, முடிச்சு சரியாக விழுகிறதா என்று பார்த்தாள்.

அடுத்த டயலிசிஸ் நாளில் டொக்டர் முழங்கையைக் கருவி வைத்து நேரமெடுத்துப் பார்த்தார். வழி திறந்திருக்கிறது, வெட்டவும் வேண்டாம், கழுத்துக் குழாயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நேசமலர் அதைக் கேட்டு நெடுநேரம் கூரையையே பார்த்தபடி படுத்திருந்தாள். ஐறீன் பழைய சென்சரை உரித்து, இடத்தைத் துடைத்து, புதியதை ஒட்டினாள். போன் பச்சையாயிற்று. ரொறன்ரோவிலிருந்து மிதுனா ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பினாள்.

ஐறீனின் கண் அப்போதுதான் கதிரையில் இருந்தவரின் வலது கையில் பட்டது.

"அங்கிள், காப்பெல்லாம் கட்டியிருக்கிறீங்கள். நீங்களும் விரதமோ?"

ஸ்ரீஸ்கந்தராசா வாய் திறக்குமுன் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"ஓம், மிஸ்" என்றாள் நேசமலர். "மீன் விரதம்."